நாத்திகம் மதம் என்றால் நம் சான்றிதழ் என்ன ஆகும்?

“நாத்திகமும் ஒரு மதம்தானே தோழர்? உங்களுக்கும் ஒரு தலைவர் இருக்கிறார், அவர் எழுதியதுதான் உங்களுக்கு வேதம், பிறந்தநாள் வந்தால் சிலைக்கு மாலை. அப்புறம் எங்கள் சாமியை மட்டும் ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள்?”

கல்லூரி விடுதியில் இந்தக் கேள்வியைச் சந்திக்காத நம் மாணவர் யாரும் இருக்க மாட்டார். கேட்பவர் முகத்தில் வென்றுவிட்ட சிரிப்பு இருக்கும். எதிரே நிற்கும் கருப்புச்சட்டைத் தோழர் உடனே அகராதியைப் பிரிப்பார். மதம் என்றால் நம்பிக்கை, நாத்திகம் என்றால் நம்பிக்கை இல்லாமை என்று தொடங்கி, இணையத்தில் இரவல் வாங்கிய இரண்டு உவமைகளோடு முடிப்பார். இருவருமே சாதி இந்துக்களாக இருந்தால் விவாதம் அத்தோடு தேநீர்க் கடைக்குப் போய்விடும். யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

நமக்கு அப்படி இல்லை. நாத்திகம் மதமா இல்லையா என்பது ஒரு தலித் மாணவருக்குக் கல்வி உதவித்தொகை பற்றிய கேள்வி. இடஒதுக்கீடு பற்றிய கேள்வி. ஊர்த்தெருவில் அடி வாங்கினால் காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகுமா என்கிற கேள்வி. மிகைப்படுத்தவில்லை, சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் பெயரில் பட்டியல் சாதிகள் ஆணை வெளிவந்தது. யார் யார் பட்டியல் சாதியினர் என்று மாநிலவாரியாகச் சொல்லும் ஆணை. அதன் மூன்றாவது பத்தி, பஞ்சாபின் நான்கு சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்து மதத்துக்கு வேறான மதத்தைப் பின்பற்றும் எவரையும் பட்டியல் சாதியினராகக் கருதக் கூடாது என்றது. 1956இல் சீக்கியர் அனைவரையும் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் போனவர்களுக்குக் கதவு இன்றுவரை மூடியே கிடக்கிறது.

இப்போது அந்தப் பத்தியை ஒரு தலித் நாத்திகரின் கையில் கொடுங்கள். ‘வேறு மதத்தைப் பின்பற்றுபவர்’ என்பதுதான் சொற்றொடர். நாத்திகம் மதமே அல்ல என்றால் அவர் எந்த மதத்தையும் பின்பற்றவில்லை. வேறு மதத்தையும் பின்பற்றவில்லை. அவர் பட்டியல் சாதிக்குள்ளேயே இருக்கிறார். நாத்திகமும் ஒரு மதம்தான் என்றால்? அது இந்து, சீக்கிய, பௌத்த மதங்களுக்கு வேறான மதம். அவர் வெளியே. விடுதியில் சிரித்துக்கொண்டே கேட்ட அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொன்னால், நம் பையனின் சாதிச் சான்றிதழ் கிழிந்துவிடும். கேட்டவருடைய சான்றிதழுக்கு ஒரு கீறல்கூட விழாது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு அப்படி எல்லோரையும் வடிகட்டும் மதப் பத்தி கிடையாது.

சட்டத்தின் எழுத்து நமக்குச் சாதகமாகத்தானே இருக்கிறது, பிறகென்ன என்று கேட்கலாம். படிவம் நமக்குச் சாதகமாக இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளருக்கு 2011இல் தரப்பட்ட அறிவுரை, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவரில் மட்டுமே பட்டியல் சாதியினர் இருக்க முடியும் என்பது. அதாவது மதம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியவருக்குப் பட்டியல் சாதி என்று குறிக்க வழியில்லை. ஆணை ‘வேறு மதத்தவர் கூடாது’ என்கிறது. படிவம் அதை ‘இந்த மூன்று மதத்தவர் மட்டும்’ என்று திருப்பிப் போட்டுவிட்டது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இடையில் விழுந்து நசுங்குபவர் மதம் இல்லாத தலித்.

அந்தக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 28 லட்சம் பேர் மதத்தைக் குறிப்பிடவில்லை. தன்னை நாத்திகர் என்றே பதிவு செய்தவர்கள் சுமார் 33 ஆயிரம் பேர். 121 கோடியில் 33 ஆயிரம்! கருப்புச்சட்டை ஊர்வலம் ஒன்றுக்கே அதைவிட அதிகம் பேர் வந்திருப்பார்கள். வந்தவர்கள் வீட்டுக்குப் போய் ‘இந்து’ என்று எழுதிக்கொண்டார்கள், அல்லது கணக்கெடுப்பாளர் கேட்காமலே எழுதிக்கொண்டதைத் தடுக்கவில்லை.

வேறு மதத்தவர் என்று முத்திரை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. 1985இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த சூசை வழக்கைப் படியுங்கள். அவர் சென்னைச் சாலையோரம் செருப்புத் தைத்தவர். பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை, காரணம் அவர் கிறித்தவர். அதே சாலை, அதே தொழில், அதே சாதி. மதம் மாறிய பிறகும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்கச் சொன்னது நீதிமன்றம். செருப்புத் தைப்பவரின் கையைப் பார்த்திருந்தால் போதும் என்பது நம் கருத்து. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்பது அரசமைப்பின் மீதான மோசடி என்று சொல்லி எழுத்தர் பணிக்கான சான்றிதழை மறுத்தார்கள். அவருடைய நம்பிக்கையைச் சோதித்தவர்களுக்கு, அவரைப் பார்க்கும் ஊர் அவரை என்னவாகப் பார்க்கிறது என்பது ஒரு பொருட்டாகவே இல்லை.

அமெரிக்காவில் இதே கேள்வி நேர்மாறாகப் போனது. விஸ்கான்சின் மாநிலச் சிறையில் இருந்த ஒரு நாத்திகக் கைதி, மற்ற மதத்தவர்கள் கூடுவதுபோல் எங்களுக்கும் ஒரு படிப்புக் குழு வேண்டும் என்று கேட்டார். மறுத்தார்கள். 2005இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், மதச் சுதந்திரத்துக்கான அரசமைப்புப் பிரிவைப் பொறுத்தவரை நாத்திகத்தையும் மதமாகவே நடத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே ‘மதம்’ என்ற சொல் நாத்திகருக்குக் கேடயம். இங்கே அதே சொல் தலித் நாத்திகரின் கழுத்துக்கு வரும் கயிறு. ஆகவே அங்கிருந்து தீர்ப்பை எடுத்துவந்து ‘பார்த்தீர்களா, அவர்களே ஒப்புக்கொண்டார்கள்’ என்று காணொளி போடும் நண்பர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

சரி, சாதி இந்து நாத்திகருக்கு இங்கே சட்டம் என்ன பெயர் வைத்திருக்கிறது? அதுதான் வேடிக்கை. 1955இன் இந்துத் திருமணச் சட்டம் யாருக்குப் பொருந்தும் என்று அதன் 2ஆம் பிரிவு சொல்கிறது. இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர். அதோடு முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத எவருக்கும் பொருந்தும். கடவுள் இல்லை என்று நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் இந்த நான்கில் ஒன்றாக இல்லாதவரை நீங்கள் அதற்குள்தான். வாரிசுரிமைச் சட்டமும் அப்படித்தான். இந்து என்பதற்கு நம்பிக்கை தேவையில்லை, நுழைவுச் சடங்கு தேவையில்லை, வெளியேறும் வழியும் கிடையாது.

சுயமரியாதைத் திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பனரும் நெருப்பும் மந்திரமும் இல்லாத அந்தத் திருமணம் செல்லாது என்று நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. 1967இல் அண்ணா அரசு திருத்தம் கொண்டுவந்து செல்லுபடியாக்கியது. பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அது எந்தச் சட்டத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது? இந்துத் திருமணச் சட்டம், பிரிவு 7அ. இரண்டு இந்துக்களுக்கு இடையில் நடக்கும் திருமணம் என்றுதான் அந்தப் பிரிவே பேசுகிறது. கடவுளை மறுத்து நடக்கும் திருமணம் சட்டப்படி ஓர் இந்துத் திருமண முறை. (இந்தப் பிரிவைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். சாதி கடந்து காதலித்தவர்களுக்கு அது உறவினர்களுக்கு அனுப்பும் தந்தி மாதிரி. 7அ அப்படிக் கேட்பதில்லை. 2023இல் உச்ச நீதிமன்றமும் ஊரறியச் செய்ய வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. நம் இணையர்கள் பலர் உயிரோடு இருப்பதற்கு அந்தப் பிரிவும் ஒரு காரணம்.)

இந்த அளவுக்கு விரிந்த வாயைச் சட்டம் எங்கே கற்றுக்கொண்டது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு, நம் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. அகமதாபாத் சுவாமிநாராயண் கோயிலுக்குள் தலித்துகள் நுழையப்போகிறார்கள் என்றதும், அந்தச் சத்சங்கிகள் 1948இல் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். என்ன வாதம் தெரியுமா? நாங்கள் இந்துக்களே அல்ல, எங்கள் சம்பிரதாயம் தனி, ஆகவே கோயில் நுழைவுச் சட்டம் எங்களைக் கட்டாது. நம்மை வெளியே நிறுத்துவதற்காகத் தாங்களே இந்து மதத்தை விட்டு வெளியே போகத் தயாராக இருந்தார்கள்! 1966இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்து மதத்துக்கு ஒரே கடவுள் இல்லை, ஒரே நூல் இல்லை, அது ஒரு வாழ்க்கை முறை, நீங்களும் இந்துக்கள்தான் என்றது. கதவு திறந்தது, நல்லது. ஆனால் கதவைத் திறக்க எழுதிய அதே விரிந்த விளக்கம், வெளியேற நினைப்பவரையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும் விளக்கமாக நிலைத்துவிட்டது.

கடவுள் இல்லாதவருக்கு இந்து மதத்தில் இடம் உண்டு என்பது இன்றைய கண்டுபிடிப்பும் அல்ல. மீமாம்சகர்களுக்கு உலகைப் படைத்த கடவுள் தேவைப்படவில்லை, வேள்வி தேவைப்பட்டது. வேள்வி செய்ய யாருக்குத் தகுதி என்பது தேவைப்பட்டது. மனுஸ்மிருதி நாத்திகன் என்று யாரைச் சொல்கிறது என்று பாருங்கள். கடவுளை மறுப்பவனை அல்ல, வேதத்தை இகழ்பவனை. சொல்லை உருவாக்கியவர்களுக்குத் தங்களுக்கு எது ஆபத்து என்று தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கடவுள் போனால் போகட்டும், வர்ணம் போகக் கூடாது. 1923இல் இந்துத்துவத்துக்கு இலக்கணம் எழுதிய சாவர்க்கர் சடங்குகளில் நம்பிக்கையில்லாதவர். அவர் வகுத்த இலக்கணத்தில் கடவுள் நம்பிக்கைக்கு இடமே இல்லை, தந்தையர் பூமியும் புண்ணிய பூமியும்தான் இருந்தன. ஆகவே கடவுளை மறுத்த மாத்திரத்தில் பார்ப்பனியம் நடுங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் எதிரியின் நூலையே படிக்காதவர்கள்.

இனி நம் பக்கத்து வீட்டு முற்போக்காளரிடம் வருவோம். மதம் என்பது மாலையில் இல்லை. மாலை போடுவது மதம் என்றால் இங்குள்ள எல்லாக் கட்சியும் மதம்தான், கடற்கரைச் சமாதிகள் எல்லாம் கோயில்தான். யார் வீட்டில் பெண் எடுக்கலாம், எந்தத் தெரு வழியாகப் பிணம் போகலாம், யார் குவளையில் யார் குடிக்கலாம் என்று சொல்கிற அதிகாரத்துக்குத்தான் இந்த மண்ணில் மதம் என்று பெயர். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நாத்திகம் மதம் அல்ல. அது யாரையும் தீண்டத்தகாதவர் என்று சொல்லவில்லை. ஆனால் அதே அளவுகோலைக் கொஞ்சம் திருப்பிக் காட்டவும் நமக்கு உரிமை உண்டு. கடவுளை விட்டுவிட்டுச் சாதியை வைத்துக்கொண்டிருக்கிற நாத்திகர், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது மட்டும் தன் சாதிச் சங்கத்தின் வரன் பட்டியலைப் புரட்டுகிற பகுத்தறிவாளர், அவர் எந்த மதம்? அவர் இந்துவேதான். சைவம், வைணவம் போல ‘நாத்திகம்’ என்று இன்னொரு உட்பிரிவு, அவ்வளவே. இந்த ஒரு விஷயத்தில் இந்துத் திருமணச் சட்டம் அவரைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறது.

பிரிவு 7அ நடைமுறைக்கு வந்தது 1968 ஜனவரியில். அதே 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைபட்ட 44 பேர் எரிந்து போனார்கள். பகுத்தறிவைக் கொள்கையாகச் சொன்ன ஆட்சிதான் அப்போதும் நடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வருகிறது. கோயில் கருவறையைக் கேள்வி கேட்கத் துணிந்த இயக்கம், வயல் வரப்பைக் கேள்வி கேட்க ஏன் அதே வேகத்தில் போகவில்லை என்பதுதான் நம் கேள்வி. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தவர்களும், குடிப்பவர் ஆத்திகரா நாத்திகரா என்று பார்த்துக் கலக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “நீங்கள் மட்டும் என்ன, சான்றிதழில் ‘இந்து - ஆதிதிராவிடர்’ என்று வாங்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?” வாங்குகிறோம். அந்த ‘இந்து’ எப்படி வந்து ஒட்டியது என்ற கதையையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

1911 கணக்கெடுப்புக்கு முன் ஆணையர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இந்துக்கள் என்று எண்ணப்படுகிறவர்களில் யார் யார் உண்மையில் இந்துக்கள் என்று பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்களைக் கொடுத்தார். பார்ப்பனரின் மேன்மையை ஏற்காதவர்கள், வேதத்தின் அதிகாரத்தை மறுப்பவர்கள், பார்ப்பனப் புரோகிதர் வராதவர்கள், கோயிலின் உள்ளே அனுமதிக்கப்படாதவர்கள், தொட்டாலோ நெருங்கினாலோ தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள், பிணத்தைப் புதைப்பவர்கள், மாட்டிறைச்சி உண்பவர்கள். பட்டியலைப் படித்தால் நம் சேரியின் முகவரி போலவே இருக்கும். தீண்டாமையின் வரலாற்றைத் தேடிய அம்பேத்கர் இந்தப் பட்டியலை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கோயிலுக்குள் விடாதபோது நாம் இந்து இல்லை. தலைகளை எண்ணி அரசியலில் பங்கு பிரிக்கும் காலம் வந்ததும் திடீரென்று இந்து ஆகிவிட்டோம். நாம் போய்ச் சேரவில்லை, சேர்க்கப்பட்டோம்.

அயோத்திதாசப் பண்டிதர் இதை முன்பே பார்த்துவிட்டார். 1898இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவி வந்து, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் தொடங்கிய தன் வார இதழில், நாம் இந்துக்கள் அல்ல, இந்நாட்டின் பூர்வ பௌத்தர்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். கவனியுங்கள், அவர் நம்மைப் பார்த்து ‘கடவுளை விடு’ என்று முதலில் சொல்லவில்லை. ‘நீ யார் என்பதை நீ சொல், அவனைச் சொல்லவிடாதே’ என்றார்.

அம்பேத்கரும் அப்படித்தான். இந்துவாகச் சாக மாட்டேன் என்று யேவலாவில் 1935இல் அறிவித்தவர், 1956 அக்டோபர் 14 வரை இருபத்தொரு ஆண்டுகள் யோசித்தார். ‘நான் நாத்திகன்’ என்று ஒரு வரி அறிக்கை விட்டிருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும். நாக்பூரில் அவர் எடுத்துக்கொண்ட 22 உறுதிமொழிகளில் பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை மறுப்பதில் தொடங்கி எல்லாம் இருக்கிறது. படைத்தவனும் இல்லை, அழியாத ஆன்மாவும் இல்லை என்ற பௌத்தத்தைத்தான் எடுத்தார். ஆனாலும் பௌத்தன் என்றார், மதமற்றவன் என்று சொல்லவில்லை. ஏன்? நாத்திகம் மதம் இல்லை என்பதே அதன் குறையும்கூட. ஒரு கருத்தை ஏற்றுக்கொண்டால் மூளை விடுதலை அடையும். சாவு வீட்டுக்கு யார் வருவார்கள், பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள், ஊர் ஒதுக்கினால் யார் வீட்டில் உலை கொதிக்கும் என்பதற்குக் கருத்து பதில் சொல்லாது. கூட்டமாக வெளியேறுவதற்குப் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். பெரியாருக்கும் இது தெரியும். தான் எந்த மதத்தையும் ஏற்காதவர், இழிவு நீங்க வேண்டும் என்று கேட்ட ஒடுக்கப்பட்டவர்களிடம் இஸ்லாத்துக்குப் போங்கள் என்று பல ஆண்டுகள் சொன்னார். கடவுள் கேள்வி வேறு, இழிவுக் கேள்வி வேறு என்று அவர் பிரித்து வைத்ததை அவருடைய வாரிசுகளில் பலர் வசதியாக மறந்துவிட்டார்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போகிற சேரித் தாயைப் பார்த்து மூடநம்பிக்கை என்று பாடம் எடுக்க மாட்டார்கள். அவள் தேடிப்போனது அவளை ‘அம்மா’ என்று கூப்பிட்டு நாற்காலி போடும் ஓர் இடத்தை.

2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு ‘சாதி இல்லை, மதம் இல்லை’ என்ற சான்றிதழைப் பெற்றார். அவர் உறுதியை மதிக்கிறோம். மதம் சொல்லும்படி அரசு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 2014இலேயே மும்பை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதையும் வரவேற்கிறோம். ஆனால் அதைத் தொடர்ந்து கிளம்பிய உபதேசம் இருக்கிறதே, ‘நீங்களும் சாதியைத் துறந்து முன்மாதிரியாக இருக்கலாமே’ என்று நம் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன உபதேசம், அதை ஏற்க முடியாது. சான்றிதழைத் துறந்தால் சாதி இந்துவுக்கு நிலம் போகாது, தெரு மாறாது, சொந்தம் அறாது. நம்மிடம் சாதியால் வந்த இழிவு மட்டும் மிஞ்சும், அதற்கு ஈடாகக் கிடைத்த ஒரு துண்டுக் காகிதம் மட்டும் போகும்.

2027 கணக்கெடுப்பு வருகிறது, இந்த முறை எல்லோருடைய சாதியும் கேட்கப்படும். மதத்துக்கும் பட்டியல் சாதித் தகுதிக்கும் உள்ள முடிச்சை அவிழ்க்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது, தூசி படிந்து கிடக்கிறது. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தார்கள். அதன் பணி வரம்பு வேறு மதத்துக்கு மாறியவர்களைப் பற்றியது. எந்த மதத்துக்கும் மாறாமல் எல்லா மதத்தையும் விட்டவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் பெயரைச் சொல்லிக் கேட்க இங்கே யாரும் இல்லாததால் இல்லை.

ஆகவே மூன்றாவது பத்தியை நீக்கு என்று நம் மாணவர் அமைப்புகள் போடும் தீர்மானங்களில், ‘தலித் கிறித்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும்’ என்று எழுதும் இடத்தில் ‘மதமற்ற தலித்துகளுக்கும்’ என்ற இரண்டு சொற்களைச் சேருங்கள். கணக்கெடுப்பு அறிவுரையில் ‘மதம் இல்லை’ என்பவருக்கும் பட்டியல் சாதி என்று பதியும் வசதி வேண்டும் என்று தனியாக ஒரு மனு, இப்போதே. அதுவரை ‘இந்து’ என்ற சொல் சான்றிதழில் இருப்பதற்காக நம் பிள்ளைகள் யாரும் யார் முன்னாலும் கூச வேண்டாம். அதை அங்கே எழுதியது நாம் அல்ல.